பதினேழு கல்யாணமும் ஏழாவது விதியும்

ஜூலை 7, திங்கள்

இன்று காலை 9.12 நிலவரப்படி வேலை எனக்குத்தான் கிடைக்கும் போலிருக்கிறது. ஆதாரம்: ‘உங்கள் மாதிரி அத்தியாயம் பிடித்தது, ஒப்பந்த வரைவு இணைத்துள்ளேன்’ என்று வந்த மின்னஞ்சல். அனுப்பியவர் ஜுவேரியா. அவருடைய அத்தா, அதாவது அப்பா, குலாம் ரசூல் ராயப்பேட்டையில் ஐம்பது வருடமாக ஷாமியானாவும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறார். அவருடைய எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு அந்தக் கடையைப் பற்றி ஒரு சிறு புத்தகம். எழுதுகிறவர்களுக்கும் எழுதக் கேட்கிறவர்களுக்கும் முடிச்சுப் போட்டுவைக்கும் ஓர் இணையதளத்தில் ஆள் தேடியிருந்தார். நான் மாட்டினேன்.

விதிகள் பதினான்கு. ஏழாவது: ‘எழுதியவர் பெயர் நூலில் எங்கும் இடம்பெறாது.’

ஜூலை 8

ஏழாவது விதியை இன்னொரு முறை வாசித்தேன். மாறவில்லை.

முப்பத்து நான்கு வருடம் ஒரே நாளிதழில் வேலை பார்த்தேன். வெள்ளம், தேர்தல், கோர்ட்டு எல்லாவற்றையும் எழுதியவர் ‘நமது நிருபர்’. என் பெயர் அச்சில் வந்தது ஒரே தடவை. எங்கள் மாதா கோயில் பங்கில் நடந்த ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தவர்கள் பட்டியலில், கடைசியிலிருந்து மூன்றாவதாக. அதையும் வெட்டி வைத்திருக்கிறேன்.

ஜூலை 9

எதிர்வரைவு அனுப்பினேன். ‘ஏழாவது விதி: எழுதியவர் பெயர் அட்டையில் இருக்கும்.’ கூடவே, ‘நேரில் பேசலாமா?’ என்று தட்டினேன். திரை சிவந்துவிட்டது. தளத்துக்கு வெளியே சந்திக்க முயன்றால் கணக்கு முடக்கப்படுமாம். கீழே இன்னொரு தகவல்: ‘உங்கள் வாடிக்கையாளரின் ஊரில் இப்போது மணி காலை 10.40.’ சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். மந்தைவெளியிலும் 10.40தான்.

மாலையில் ஜுவேரியாவின் பதில்: ‘சார், அந்த ஃபார்ம் தளம் குடுத்தது. நான் படிக்கவே இல்ல. பேரு தாராளமா போட்டுக்கலாம். ஆனா ஒம்பதாவது விதி முக்கியம்.’

ஒன்பது: ‘வாடிக்கையாளர் தரும் தகவல்களை எழுதுபவர் மாற்றக் கூடாது.’

ஜூலை 11, வெள்ளி

புத்தகத்தின் முதல் வரி எப்படி இருக்க வேண்டும் என்று குலாம் ரசூல் தன் குரலிலேயே பதிவு செய்து அனுப்பியிருக்கிறார். தொண்ணூற்றொன்றாம் வருடம் ஆவணி மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். அன்று மட்டும் அவர் கடைச் சாமான்கள் பதினேழு கல்யாணத்துக்குப் போயின.

அந்த வருடத்து ஆர்டர் நோட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. அந்தத் தேதியில் பதினொன்றுதான். மூன்று தடவை எண்ணினேன். பிறகு என் மனைவி கிளாடிஸை எண்ணச் சொன்னேன். கணக்கு டீச்சராக இருந்தவள்.

‘பதினொண்ணு. இதுல என்ன சந்தேகம்?’

‘அவர் பதினேழுங்கிறாரே.’

‘அவர் கடை, அவர் புத்தகம், அவர் பொறந்தநாள். உங்களுக்கென்ன வந்தது?’

‘மேல என் பேர் இருக்கும்ல.’

‘பேர் வேணும்னு யாரு கேட்டது? நீங்கதானே? அனுபவிங்க.’

ஜூலை 12

சமரசத் திட்டம் அனுப்பினேன்: ‘பதினேழு கல்யாணங்கள் என்கிறார் குலாம் ரசூல்.’

இருபது நிமிடத்தில் பதில்: ‘அத்தாவுக்குப் படிச்சுக் காட்டினேன் சார். “என்கிறார்”னா இன்னா அர்த்தம், நான் புளுகுறேன்னு சொல்றாரான்னு கேட்டாங்க. மத்தியானம் சாப்பிடல.’

ஜூலை 13, ஞாயிறு

ஜுவேரியாவின் இறுதி நிலை: பதினேழை மாற்ற முடியாது. அதை ஏற்றால் அட்டையில் என் பெயர். இல்லாவிட்டால் பழைய ஏழாவது விதி. புதன் மாலை ஆறு மணிக்குள் பதில் சொல்லவில்லை என்றால் ஒப்பந்தம் தானாக ரத்தாகும்.

பூசையில் மனம் நிற்கவில்லை. பெயர் இல்லையென்றால் பதினேழு என்ன, எழுபது கல்யாணம் எழுதலாம், நமது நிருபர் தலையில் போய்விடும். சரி, அவர் மட்டும் என்ன பாவம் செய்தார்?

ஜூலை 14

என்னடா இது, அறுபத்து மூணு வயசுல ஒரு ஆறு கல்யாணத்துக்காகத் தூக்கம் போவுது.

ஜூலை 15, செவ்வாய்

பகல் பதினொரு மணிக்கு வாசலில் ஆட்டோ. கையில் அந்த நோட்டோடு ஒரு பெரியவர் இறங்கினார். தளத்தில் என் அறிமுகக் குறிப்பில் ஊரைப் பார்த்து வந்து, மந்தைவெளியில் ரிப்போர்ட்டர் வீடு எது என்று கேட்டதும் இஸ்திரிக்காரர் காட்டிவிட்டாராம். குலாம் ரசூல். (அவர் வாடிக்கையாளர் அல்ல, வாடிக்கையாளரின் தந்தை. எனவே தளத்தின் விதி மீறப்படவில்லை.)

‘இன்னா சார், நான் புளுகுறேன்னு எழுதிக்கினு கீறியாமே?’

‘நோட்டுல பதினொண்ணுதான் இருக்கு, பாய்.’

‘நோட்டுல வாடகைக்குப் போனதுதான் கீது. ஓசியில போனதை எவன் எழுதுவான்? அன்னிக்கு ஊர்ல ஒரு கடையிலயும் சாமான் இல்ல. அழுவாத குறையா வந்து நிக்கிறாங்க. கையில கெடைச்சதைக் குடுத்தேன்.’

பேனாவை எடுத்தேன். விரல் மடக்கிச் சொன்னார். நொச்சிக்குப்பத்துக்குத் தண்ணீர் டிரம் இரண்டு. லஸ் பக்கம் ஒரு காபி ஃபில்டர். ஒரு வீட்டுக்கு ஜமுக்காளம், ஒரு வீட்டுக்கு வாளி, ஒரு வீட்டுக்கு இட்லித் தட்டு. ஐந்துக்கும் பெயர், தெரு, யார் வந்து வாங்கினார்கள் எல்லாம் சொன்னார். மூன்று பேரின் போன் நம்பர் அவரிடமே இருந்தது, அங்கேயே கூப்பிட்டேன். மற்ற இருவரை அந்த மூவர் வழியாகப் பிடித்தேன். ஐந்தும் உண்மை.

‘ஆறாவது?’

கிளாடிஸ் கொடுத்த மோரைக் குடித்தார். மீசையைத் துடைத்தார்.

‘ஆறாவது வூட்டுக்கு நானே போனேன்.’

‘என்ன குடுத்தீங்க?’

‘சாப்புடப் போனேன், நைனா. பரிமாற ஆளு பத்தல. நான்தான் பாயசம் ஊத்தினேன்.’

உள்ளே கிளாடிஸ் சிரிக்கும் சத்தம்.

‘பாயசம் ஊத்தினா சாமான் குடுத்த கணக்கா, பாய்?’

‘கரண்டி நம்மளுதுன்னு நெனைக்கிறேன்’ என்றார். பிறகு, முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தி, ‘சரியா ஞாபகம் இல்ல. அதை மட்டும் நீயே பார்த்து எழுதிடு.’

ஜூலை 16, புதன்

மாலை 4.50க்குத் திருத்திய ஒப்பந்தம் வந்தது. ஒன்பதாவது விதி: ‘எழுதுபவர் உறுதி செய்த தகவல்களே இடம்பெறும். வாடிக்கையாளரின் தந்தை ஒப்புக்கொண்டார்.’ ஏழாவது: ‘அட்டையில் எழுதியவர் பெயர்: சூ. அகஸ்டின்.’ கிளாடிஸை ஒரு தடவை உரக்க வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். இன்னொரு தடவையும் வாசித்தாள், நான் கேட்காமலே. 5.35க்கு ஏற்றுக்கொண்டேன்.

இன்றுவரை உறுதியானவை பதினாறு. பாய் சொன்னபடி, பாயசம் பரிமாறப்பட்டது முத்துலட்சுமி அம்மாள் வீட்டில். என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி. போனில் கேட்டதற்கு, ‘பேர் வெட்டின பித்தளைக் கரண்டி ஒண்ணு அப்போலேர்ந்து எங்க வீட்டுலதான் கிடக்கு, பரண்ல. என்ன பேருன்னு ஞாபகம் இல்ல’ என்றார். இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திரும்புகிறார். ஏணி நான் கொண்டுபோக வேண்டும்.