சாம்பல் கொட்டிய வயல்

செவ்வாய், இரவு.

எங்கள் அத்திப்பட்டு நிலத்தை வாங்க இனி யாரும் வரமாட்டார்கள். புரோக்கர் இன்று வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டார். "வெளிநாட்ல வியாபாரம் படுத்துக்கிச்சுக்கா. சரக்கே வர்ல. கப்பல் பெட்டிங்கள அடுக்கி வெக்கிற கன்டெய்னர் யார்டு, இருக்கிறதே காலியா கீது, புதுசா எவன் எடம் வாங்குவான்? பேசாம மறுபடி நெல்லு போட்டுக்கோ."

நெல்லா! வயலாக இருந்தால் யார்டுக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான், மேடாக்கு என்று சொன்னதே இந்த ஆள்தான். அனல்மின் நிலையத்துச் சாம்பலை லாரி லாரியாகக் கொட்டி, வரப்பே தெரியாமல் மூடினோம்.

கப்பலில் வேலை செய்யும் என் தம்பி, ஆஸ்திரேலியாவில் கோதுமை விலை ஏறினால் அங்கே காசு புழங்கும், கப்பலில் சரக்கு கூடும், யார்டுக்கு இடம் தேடுவார்கள், நம் நிலத்தின் விலையும் ஏறும் என்பான். நிலத்தைப் பார்க்க வந்த ஒருவரும் அதில் என்ன விளையும் என்று கேட்டதில்லை. துறைமுகம் எவ்வளவு தூரம் என்றுதான் கேட்டார்கள்.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "கீழ மண்ணு அப்டியேதானே கீது? சாம்பல வாரிட்டா?"

"வாரி எங்க கொட்றது?" என்றேன்.

அந்தப் பக்கம் இனி பள்ளமே கிடையாது. எங்களைப் பார்த்து, பக்கத்து வயல்காரர்களும் கொட்டிவிட்டார்கள்.