தஹிதிக்காரனுக்குப் போர்த்திய பொன்னாடை

அண்ணை,

எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ காய் என்ற தெருவின் மரக்கறிக் கடைக் கண்ணாடியில் உங்கள் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். சுற்றிவரக் கறுப்புக் கரை, கீழே 'மொழியறிஞர்' என்று கொட்டை எழுத்து. செத்தவரைப் பழிக்கக் கூடாது என்பார்கள். ஆனாலும் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் நாங்கள் இருவரும் ஒரே அறையில் படுத்தெழும்பினோம். நான் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். அங்கே என்னோடு முகங்கொடுத்துக் கதைத்தவன் தஹிதித் தீவுச் சமையல்காரன் ஒருவன்தான். எனக்கு வந்த பிரெஞ்சு அவன் தந்தது. ஒருநாள் வலிஸ் தீவிலிருந்து இன்னொருவன் வேலைக்கு வந்தான். இரண்டு தீவுக்கும் நடுவில் பெருங்கடல். ஆனாலும் மீனை இவன் 'இஆ' என்றால் அவன் 'இகா' என்றான். தோணி இவனுக்கு 'வாஆ', அவனுக்கு 'வாகா'. எங்களை ஒரு கிழவிதான் பெத்திருக்கிறாள் என்று இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கியது.

அந்தப் புதினத்தை உங்களிடம் வந்து சொன்னேனே, அங்கே பிடித்தது சனி. வாகா என்றால் வாகனம், தமிழேதான் என்று துள்ளினீர்கள். வாகனமே வடசொல் அண்ணை என்றதற்கு ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை.

பிறகு உங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்துக்குத் தஹிதிக்காரனைக் கூட்டிவரச் சொன்னீர்கள். விருந்தென்று நம்பி, சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு வந்தான் பாவி. பொன்னாடை போர்த்தினீர்கள், சிரித்தான். "கடலிலை துலைஞ்சுபோன தமிழன் இவன்" என்று சபைக்குச் சொன்னீர்கள், சனம் கைதட்டியது. என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டான். சொன்னேன். பொன்னாடையைக் கழற்றி, மடித்துக் கதிரையில் வைத்தான்.

"பிரெஞ்சுக்காரன் எங்கடை தீவை எடுத்தான். நீங்கள் எங்கடை பாட்டன்மாரையும் எடுக்கப்போறியளோ?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டான். அதன் பிறகு குசினியில் என் முகம் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் வேலையை விட்டுப் போய்விட்டான். நகருக்கு வெளியே சென் தெனி வரைக்கும் தேடித் திரிந்தேன். நீங்களோ சோற்றைக் குழைத்தபடி, அவனுக்குச் சரித்திரம் விளங்கேல்லை என்றீர்கள். ஊரில் எங்கள் மொழியைப் பறிக்கிறார்கள் என்று ஓடிவந்த மனிசன் நீங்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு அஞ்சலிக் கூட்டமாம். கூட இருந்தவர் நீங்கள், நாலு வார்த்தை பேசுங்கோ என்று கேட்டார்கள். ஓம் என்றேன். இத்தனை வருசமாக என்னோடு கிடப்பது அவனுடைய அந்தக் கேள்வி ஒன்றுதான். அதைச் சபையில் கேட்டுவிட்டு இறங்குவேன். இந்த முறை நீங்கள் எழும்பி மறுமொழி சொல்லேலாது, அண்ணை.