கயல்விழி காலமான செய்தி

திருத்தணி
4.8.2025

என் அருமைக் கழுதை கயலுக்கு,

நான் நலம். நீ நலமில்ல, நேத்து மதியம் காலமாயிட்ட.

பதறாதடி. எங்க இதழியல் வகுப்புல அனிதா மேடம் குடுத்த பயிற்சி. உயிரோட இருக்கிற ஒருத்தருக்கு இரங்கல் செய்தி எழுதணும். 'காலமானார்'னு எழுத எனக்கு அதிகக் காலம் ஆகல. 'நீட் ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடிப் போனவர் திரும்பவில்லை'ன்னு போட்டேன். கிளாஸே சிரிச்சுது. மேடம் சிரிக்கல, மார்க்கும் போடல. அவங்க போடறதெல்லாம் சிவப்பு மையில ஒரே கேள்விதான்: யார் சொன்னது? உன் பிறந்த தேதிக்குப் பக்கத்துலகூட! வீட்டுக்கே போய் விசாரிச்சு உண்மையை எழுதுன்னுட்டாங்க. இது பாடமா, போலீஸ் வேலையா, ஒண்ணும் புரியல.

நாளைக்கு அம்மையார்குப்பம் போறேன், உங்கம்மாவைப் பாக்க.

உன்னைக் கொன்ற,
மோனிகா


திருத்தணி
13.8.2025

கயலு,

உங்கம்மா தறியை நிறுத்திட்டு டீ போட்டுக் குடுத்தாங்க. காலேஜ் வேலைன்னு மட்டும் சொன்னேன். உன் போட்டோவும் குடுத்து அனுப்புனாங்க. சாம்பாரை எடுத்துட்டுத் திருத்தி எழுதினேன், கிளாஸ்ல அம்பது பேரும் கை மாத்திப் படிச்சாங்க. மேடம் கடைசி வரிக்கு மட்டும் கேள்வி போட்டாங்க: 'டாக்டராக அவருக்கு விருப்பமே இல்லை, மூன்று மாதமாக அழுதுகொண்டே படித்தார்.' அவளேதான் லெட்டர்ல சொன்னா மேடம்னேன்.

"எழுதச் சொல்லிச் சொன்னாளா?"ன்னாங்க.

உண்மையை எழுதுன்னதும் அவங்க, எழுதினா கேக்கறதும் அவங்க. எனக்குத் தலையே சுத்திகினு இருக்கு.

அதைவிடு. முந்தாநாள் உன் போட்டோவைக் கவர்ல போட்டு உங்கம்மாகிட்ட திருப்பிக் குடுத்தேன். உன் இரங்கல் செய்தி எழுதின தாளை இப்பக் காணோம். கவரோட போயிடுச்சு போல. ஓடிப்போய்ப் பாத்தா வீடு பூட்டியிருக்கு. பஸ் ஏறிப் போயிட்டாங்கன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. அம்மாகிட்ட மூச்சு விடாதேன்னு நீ எழுதினது எனக்கு மறக்கலடி.

மோனி


அம்மையார்குப்பம்
20.8.2025

மோனிகா,

அம்மா ஹாஸ்டல் வாசல்ல வந்து நின்னாங்க. என்னைப் பாத்ததும் கன்னம், கை, தோளுன்னு தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க. வார்டன் முழிச்சுகினு நின்னாங்க. அப்புறம் உன் தாளை நீட்டி, "இதுல எது பொய்?"னு கேட்டாங்க.

நான் கடைசி வரி வரைக்கும் படிச்சேன்.

"செத்தது மட்டும்தாம்மா."

பெட்டியைக் கட்டுன்னுட்டாங்க. இப்ப வீட்டுலதான் இருக்கேன். ராத்திரி நல்லாத் தூக்கம் வருது. உன்மேல கோவமா, நன்றியான்னு எனக்கே தெரியல. ஆனா உன்கிட்ட மட்டும் சொன்ன ஒண்ணை அம்பது பேர் படிச்சிருக்காங்க. ஹாஸ்டல்ல வாங்கி வச்ச போன் இப்பக் கையில இருந்தும் இதை லெட்டரா எழுதறேன், பேசினா நீ சிரிக்க வச்சுடுவ. கொஞ்ச நாளைக்கு நீ வர வேணாம்.

கயல்விழி