ரெத்ரேத் வாங்கியவரை மறுபடி கூப்பிட்டார்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பல் முளைக்கிற காய்ச்சலில் அழுதழுது பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். இவளைப் பார்க்காமலே நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். அப்படியே உங்கள் மூக்கு. இவர் குறட்டை விடுகிறார். எனக்குத்தான் நெஞ்சு அடங்கவில்லை.

இந்த அரபு நாட்டில், ரூவியில் எங்கள் வீட்டுக் கதவை இன்று ஒரு வெள்ளைக்காரர் தட்டினார். திறந்த இவர், லுங்கியும் வெறுங்காலுமாக விறைத்து நின்று சல்யூட் அடித்தார் அப்பா! பிரெஞ்சுப் பட்டாளத்தில் இவருக்கு மேலே கேப்டனாக இருந்த கப்பித்தேனாம். அவரும் இவரைப் போல ரெத்ரேத் வாங்கி, பென்ஷனோடு வீட்டில் இருந்தவர்தான். இங்கே தெற்கே சண்டை நடக்கிறதல்லவா, அங்கே சரக்கு கொண்டுபோகும் லாரிகளை நடத்த அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் இவரைக் கூப்பிட வந்திருக்கிறார்.

நான் டீ கொண்டு வருவதற்குள் இவர் "வுய், மோன் கப்பித்தேன்" என்று சம்மதம் சொல்லி முடித்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ரெத்ரேத் வாங்கியாச்சே! ஒர்க்‌ஷாப்ல நிம்மதியான டூட்டி. இனிமே உங்களை யாரு கூப்பிட முடியும்?"

"லாரிதானேடி ஓட்டப் போறேன். பீரங்கி தூக்குற மாதிரி கத்துறே."

"அந்த ரோட்டுல கண்ணிவெடி வைக்கிறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கப்பித்தேன் இருக்காரு. பாத்துப்பாரு."

அதைக் கேட்டதும்தான் உங்கள் ஜெனரல் ஞாபகம் வந்தது.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டையில், நீங்கள் இருந்த பிரெஞ்சுப் பட்டாளம் தோற்றுக்கொண்டிருந்தபோது, ரெத்ரேத்தில் இருந்த கிழவரைத் தேடிப் பிடித்துத் தலைமையில் உட்கார வைத்தார்கள் என்பீர்களே. "அவர் பேரைக் கேட்டதும் எங்களுக்கு உசிரு வந்துச்சு. வந்தவரு எங்க எல்லாருக்கும் ரெத்ரேத்னுட்டாரு!" என்று சிரிப்பீர்கள். எல்லாருக்கும் பென்ஷன் கொடுத்த மகராசன் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தேன். புதுச்சேரியில் நம் தெருவில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் ஏது? பின்வாங்கி ஓடுவதற்கும் அதே வார்த்தைதான் என்று கல்லூரியில் பிரெஞ்சு படித்தபோதுதான் தெரிந்தது. அன்று வீட்டுக்கு வந்து உங்கள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

கொஞ்ச நாளில் அவர் சண்டையை நிறுத்திவிடலாம் என்றார். நீங்கள் ஜெர்மன்காரன் கம்பிவேலிக்குள் கிடந்தீர்கள். பொட்டு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்றே தெரியாமல் அம்மா வருஷக்கணக்கில் இருந்தாள். அதை நீங்கள் சிரித்துச் சொன்னதில்லை. சொன்னதே இல்லை.

விடிந்ததும் கப்பித்தேன் வண்டியோடு வருகிறார். இந்தத் தடவை கதவைத் திறக்கப் போவது நான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், முகத்துக்கு நேரே, "இவர் வரமாட்டார்" என்பேன். உங்கள்மேல் சத்தியம் அப்பா. இவர் கோபித்துக்கொள்ளட்டும், பேசாமல் இருக்கட்டும், வீட்டில் இருந்தால் போதும்.

ஒன்றுதான் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கிழவர் வந்து நின்றபோது, உங்கள் கூட்டத்தில் ஒருத்தனாவது "நான் வீட்டுக்குப் போறேன்" என்றானா? அப்புறம் அவனால் கூட இருந்தவர்கள் முகத்தைப் பார்க்க முடிந்ததா?

சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

உங்கள் கடைசி மகள்,
உங்கள் பேத்தியின் அம்மா