தூக்கிப் பார்த்த தொட்டி

அன்புள்ள வெஸ்லி,

கீமோ ஆரம்பித்ததிலிருந்து உன் அம்மாவுக்கு சூப்கூட வயிற்றில் தங்குவதில்லை. கஞ்சா புகைத்தால் கொஞ்சம் சாப்பிடுகிறாள். இப்போதுதான் இந்த நாட்டில் வீட்டுக்கு நாலு செடி வளர்க்கச் சட்டமே இடம் கொடுக்கிறதே, விதை போட்டேன். ஆமாம், நான்தான். சிரித்துக்கொள்.

நாலும் முளைத்தன. இரண்டே வாரத்தில் இலைகள் மஞ்சளாகித் தொங்கிவிட்டன. வாடுகிறதென்று நினைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். நேற்று ஒன்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிட்டது.

"ஊத்தி ஊத்தியே கொன்னுட்டே!" என்றாள் உன் அம்மா. "அவனைக் கேளு. அன்னிக்குப் போலீசுக்குப் போன் பண்ணத் தெரிஞ்சுதுல்ல, இன்னிக்குப் பெத்த பிள்ளைக்குப் பண்ணத் தெரியலையா?"

போன் செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் யோசித்ததில் ஒன்று ஞாபகம் வந்தது. அன்று பேஸ்மென்ட்டில் நீ ஒளித்து வளர்த்த கஞ்சாச் செடிகளை ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கிப் பார்த்தாய். கனமாக இருந்ததை அப்படியே வைத்தாய். லேசாக இருந்ததற்கு மட்டும் தண்ணீர் ஊற்றினாய். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல அவ்வளவு பதமாகத் தூக்கினாய்.

படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன், வெஸ்லி. பார்த்த பிறகுதான் மேலே போய்ப் போனை எடுத்தேன்.

அப்பா