வெளியே மறந்து வைத்த தேனடைகள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம்தான். அப்பாவின் முட்டிவலி பரவாயில்லை, யாராவது பார்த்தால் படியேறும்போது நொண்டுகிறார், பார்க்காவிட்டால் விறுவிறுவென்று ஏறிவிடுகிறார். எதிர்க்கடைத் தையல்காரரின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, உன் பழைய தொட்டிலைத் துடைத்துக் கொடுத்தேன். இதெல்லாம் போனிலேயே சொல்லக்கூடியவைதான். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குச் சொல்ல வாய் வராத விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று, இது நாலாவது.

போன சனிக்கிழமை சாயங்காலம் வாரச்சந்தைச் சங்கத்தின் விருந்து பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. சந்தையில் மேசை போடுகிற எல்லோரும் வந்திருந்தார்கள், ரொட்டிக்காரர், பால்காரர், மீன்காரர், முட்டைக்கார அம்மா, எங்கிருந்தோ வந்து காளான் வளர்க்கிற அந்த அண்ணன் தம்பி, நம் வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளரி போடுகிறாளே அவள், அப்புறம் நம்மிடம் வாங்கிச் சாப்பிடுகிற ஊர்க்காரர்கள் ஒரு நூறு பேர். வழக்கம் உனக்குத் தெரியும், தன் பொருளைத் தானே பரிமாறக் கூடாது, சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவர் பொருளைப் பரிமாறி, அது எப்படி விளைகிறது என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்குக் காளான் வந்தது. காளானைப் பற்றி எனக்கு என்ன தெரியும், இருட்டில் வளர்வதால் அதிகம் பேசாது என்று சொல்லி வைத்தேன், எல்லோரும் சிரித்தார்கள், அந்தத் தம்பிக்காரன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். நம் தேன் யாருக்குப் போனது என்று நினைக்கிறாய், வெள்ளரிக்காரிக்கு. அவள் ஒவ்வொரு தட்டாகப் போய், பக்கத்து அக்கா தேன், அக்கா தேன் என்று சொல்லிச் சொல்லி ஊற்றினாள். எனக்கு ஒரு வாய் கூட இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இரண்டு பெட்டித் தேனீக்கள் செத்துப்போனதை உன்னிடம் சொன்னேன் இல்லையா, வெள்ளரிக்காரி மருந்தடித்துக் கொன்றுவிட்டாள் என்று சொன்னேன் இல்லையா, அது பொய். அன்று காலையில் தேன் எடுத்தேன். தேன் எடுத்த அடைகளில் பிசுபிசுப்பு ஒட்டியிருக்கும், அவற்றை வெளியே வைக்கக் கூடாது, சாயங்காலம்வரை அறைக்குள் பூட்டிவைத்து அப்புறம்தான் பெட்டிக்குள் திருப்ப வேண்டும், இதை எட்டு வயதிலேயே நீ சந்தைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பாய். நான் அவற்றைத் தூக்கிக்கொண்டு போகும்போது உன் போன் வந்தது. மூன்று வாரம் கழித்து வந்த போன், அடைகளைக் கொட்டகை வாசலில் அப்படியே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன், ஒரு மணி நேரம் பேசினோம். உன் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை, போனைக் காதில் வைத்துக்கொண்டே அடைகளை உள்ளே எடுத்து வைத்திருக்கலாம், எனக்குக் கை இரண்டு இருந்தது. வெளியே வந்து பார்த்தால் கூட்டம் பலமாக இருந்த இன்னொரு பெட்டியின் பூச்சிகள் அந்த வாசனைக்கு வந்து, ருசி கண்டு, பக்கத்திலிருந்த நோஞ்சான் பெட்டிகள் இரண்டையும் கொள்ளையடித்துக் கொன்று போட்டிருந்தன. பெட்டி வாசலில் குவியல் குவியலாகச் செத்துக் கிடந்தன. அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கம் அவள் முதுகில் தெளிப்பானோடு நின்றாள். என் வாய் முந்திக்கொண்டது. தெருவே கேட்கும்படி கத்தினேன், கொலைகாரி என்றுகூடச் சொன்னேன். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கத்தி முடித்துக் குனிந்து கூட்டி அள்ளும்போதுதான் பார்த்தேன், ஒன்றின் இறக்கையும் முழுதாக இல்லை. மருந்தில் சாகிற பூச்சி நாக்கை நீட்டிக்கொண்டு சாகும், இவை சண்டையில் கடிபட்டுச் செத்தவை. திரும்பினால் கொட்டகை வாசலில் அடைகள் நக்கித் துடைத்ததுபோல் காய்ந்து கிடந்தன. எனக்கு அப்போதே தெரியும் கண்ணா. சாயங்காலம் நீ திரும்பக் கூப்பிட்டபோது எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் மருந்து என்றேன். இருபது வருஷமாகத் தேன் எடுக்கிறவள் கற்றுக்குட்டி செய்கிற தப்பைச் செய்துவிட்டாள் என்று ஊர் சிரிக்குமே என்ற பயம், கத்தியதைத் திரும்ப வாங்க வேண்டுமே என்ற வீம்பு. இத்தனைக்கும் பூச்சி வராவிட்டால் அவள் வெள்ளரி கோணலாகத்தான் காய்க்கும், பெட்டிகளை வேலியோரம் வையுங்கள் அக்கா என்று கேட்டு வாங்கியதே அவள்தான், அவள் எதற்குக் கொல்லப் போகிறாள். இதையும் யோசித்தேன், யோசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

நீ அம்மாவுக்காகத் துடித்துப்போய்ச் சங்கத்துக்குக் கடிதம் அனுப்புவாய் என்று நான் நினைக்கவில்லை. புகார் இருந்தால் வயிறு நிறைந்த பிறகுதான் பேச வேண்டும் என்பது சங்கத்தின் பழைய ஏற்பாடு, அப்போதுதான் யாரும் பாய மாட்டார்கள் என்று. தட்டெல்லாம் எடுத்த பிறகு சங்கத் தலைவர் என்ற முறையில் ரொட்டிக்காரர் எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் கடிதத்தைப் படித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தாய். என் அம்மா கோபக்காரி, ஆனால் பொய் சொல்ல மாட்டாள் என்று ஒரு வரி. வெள்ளரிக்காரியைக் கேட்டார்கள். அவள் கையில் நம் தேன் கரண்டி இன்னும் இருந்தது. "நான் அடிக்கிறது சோப்புத் தண்ணி. அதையும் பூச்சி எல்லாம் பெட்டிக்குப் போன பிறகுதான் அடிப்பேன். அன்னைக்கு என் முதுகுல இருந்தது வெறும் தண்ணி" என்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். "ஆனா அக்கா பொய் சொல்ல மாட்டாங்க. எனக்கே தெரியாம ஏதோ தப்பு நடந்திருக்கும். மேசையை எடுத்துக்குங்க" என்றாள். மருந்தடித்தால் ஒரு வருஷம் மேசை கிடையாது, அதுதான் விதி. கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள், மகனே, நானும் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, அந்த அடைகளை அன்னைக்கே பாத்தேன், நீயே சொல்லுவேன்னு இருந்தேன் என்று மட்டும் சொன்னார். நாலு நாளாக அவரே தேநீர் போட்டுக் குடிக்கிறார், எனக்கும் ஒரு கோப்பை வைக்கிறார், அதுதான் தாங்க முடியவில்லை. நேற்று ரொட்டிக்காரரிடம் போய் உடைத்துச் சொல்லிவிட்டேன். அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மறுபடி சாப்பிடக் கூப்பிடுகிறேன், கடிதம் படித்த இடத்திலேயே நீங்களே சொல்லுங்கள் என்றார். அங்கிருந்து நேராக வேலிக்குப் போனேன். ஒன்றையும் மறைக்காமல், பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொடியைக் கம்பியில் கட்டிக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எல்லாரும் கேட்டாங்க. எல்லாரும் இருக்கும்போதே சொல்லுங்க" என்றாள். பெட்டிகளை வேலியோரத்திலிருந்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும் மேடம்" என்றாள்.

உன் கடிதத்தை ரொட்டிக்காரரிடமிருந்து வாங்கி இதோடு வைத்திருக்கிறேன், அதில் உன் கையெழுத்து இருக்கிறது, அதை நீ கிழித்தாலும் சரி, என்னைத் திட்டி வேறு எழுதினாலும் சரி. எனக்காகப் பரிந்து மட்டும் எழுதாதே. நீ கேட்ட தேன் இந்தத் தடவை அனுப்பவில்லை, அந்தக் காலையில் எடுத்ததை உன் நாக்கில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, நீ நிமிர்ந்து நடக்க வேண்டும், என் ஆசீர்வாதம் இன்னும் செல்லுமானால் அது முழுவதும் உனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நான் எழுந்து நிற்பேன், அந்த நேரத்தில் என்னை ஒரு தடவை நினைத்துக்கொள். மேசை அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும், ரொட்டிக்காரர் உறுதி சொல்லிவிட்டார். ஆறு வருஷமாக வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட அந்த அக்காதான் எனக்குத் திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
வெட்கத்தோடு,
உன் அம்மா