இறக்கிக் கட்டிய கொடி

அக்கா,

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கனகம்மாசத்திரத்துக் கல்யாணத்துக்கு உன் இடுப்பு பெல்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன். இடுப்பு வலியெல்லாம் இல்லை. தொப்பைக்குத்தான். போட்டோவில் கொஞ்சம் அடக்கமாகத் தெரியட்டும் என்று பார்த்தேன்.

பந்தியில் உட்கார்ந்து வியர்த்ததும், நீ ராவும் பகலும் தடவிக்கொண்டிருந்த வலித்தைலத்தின் வாசனை பட்டுப்புடவைக்குள்ளிருந்து கிளம்பியது. பக்கத்து இலைக்காரி மூக்கைச் சுளித்தாள். எனக்கு உன் முகம் ஞாபகம் வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பாயசத்தை நான் விட்டேன் என்றால் எவ்வளவு ஆத்திரம் என்று உனக்கே தெரியும்.

உன் வீட்டுக்காரர், அதுதான் என் பாவா, நீ போன வழியிலேயே போகக் கிளம்பியிருந்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நாம் இருவரும் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே முற்றத்தில் துணி காயப்போட்டவர்கள். நான் வந்த புதிதில் நீ என்னைவிட ஒரு கை உயரம். கொடியில் புடவையை வீசினால் அந்தப் பக்கம் தானே விழும். வருஷங்கள் போய், ஒரு நாள் கொடி உனக்கு எட்டவில்லை. நுனிக்காலில் நின்று எம்பினாய். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு கயிற்றை இறக்கிக் கட்டினார். பிறகு அதுவும் எட்டவில்லை. இன்னும் இறக்கினோம். கயிறு எத்தனை தரம் இறங்கியும், இவள் ஏன் சின்னதாகிறாள் என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. ஆணி அடிக்கத் தெரிந்த வீட்டில் கேட்கத் தெரிந்த ஆள் இல்லை.

உன் புடவை தரையில் இழுபட்டது. நான் சும்மா இருப்பேனா?

"இன்னாக்கா, மலைக்குப் போனா எல்லாரும் முருகனுக்கு முடி குடுக்கறாங்க. நீ ஒசரத்த குடுத்துட்டியா?"

"போடி. நீ வாயில வளந்துகினு போற. வூட்ல எடம் வோணாவா, அதான் நான் சுருங்கறேன்."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தால் எரிகிறது. உன் மேல்தான் கோபம். வலிக்கிறது என்று ஒரு நாள் கத்தியிருந்தால் என்ன? முதுகெலும்பு உள்ளுக்குள்ளேயே நொறுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நீயோ தைலத்தைத் தடவிக்கொண்டு மாவாட்டினாய். பாவா "வாயு, பூண்டு துன்னு" என்றார். ஊசி போட்ட டாக்டர் வயசு என்றார். முப்பதைத் தாண்டியதும் உன் கர்ப்பப்பையை எடுத்தார்களே, சினைப்பையையும் சேர்த்து, அப்போதாவது யாராவது சொன்னார்களா? அவ்வளவு சீக்கிரம் அதை எடுத்தால் எலும்பும் சீக்கிரம் தேயும், பார்த்துக்கொள் என்று ஒரு வார்த்தை? தையல் பிரித்தார்கள், வீட்டுக்குப் போ என்றார்கள்.

கடைசியில் குளியலறை வாசலில் விழுந்தாய். இடுப்பு உடைந்தது. எலும்பெல்லாம் தேய்ந்துபோயிருக்கிறது, ஆபரேஷன் செய்தால் எழுந்து நடப்பாய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வயசான உடம்பில் கத்தி வேண்டாம், கட்டுப்போட்டுப் படுத்தால் கூடிவிடும் என்று ஆம்பிளைகள் வெளியே டீ குடித்துக்கொண்டே முடிவு செய்தார்கள். உன்னை யாரும் கேட்கவில்லை. படுத்தாய். நெஞ்சில் சளி கட்டியது. போய்விட்டாய்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் பாவா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்கிறார். முதுகு வளைந்திருக்கிறது. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொல்கிறார்.

"கொடி எட்ட மாட்டேங்குதும்மா. கொஞ்சம் எறக்கிக் கட்டச் சொல்லு."

உனக்குத் தெரியும், இந்த வீட்டில் நான் அவர் எதிரே உட்கார்ந்ததுகூட இல்லை. வாய் எல்லாம் உன்னோடுதான். அன்றைக்கு முன்னால் போய் நின்றேன்.

"எறக்க மாட்டேன். அக்காவுக்கு எறக்கி எறக்கி அவளையே எறக்கிட்டோம். சட்டையப் போடுங்க பாவா, ஆஸ்பத்திரிக்கிப் போலாம்."

"எனக்கு இன்னா? அது பொம்பளைங்களுக்கு வர்றது."

"நீங்க எம்.பி.பி.எஸ். எப்ப முடிச்சீங்க?"

தெருவே எட்டிப் பார்த்தது. அவருக்குக் கண் கலங்கியது. "அவகிட்ட பூண்டு துன்னுன்னு சொன்னேனே" என்றார். எனக்கு இரக்கம் வரவில்லை அக்கா, பொய் சொல்ல மாட்டேன். "ஆங், சொன்னீங்க. நட" என்றேன். மரியாதைகூட விட்டுப்போயிற்று.

ரயிலேறி சென்னைக்குக் கூட்டிப்போய் எலும்பு எவ்வளவு கெட்டி என்று ஸ்கேன் எடுத்தோம். அங்கே இருந்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னது: "ஆம்பளைங்களுக்கும் தேயும் பெரியவரே. பீடி குடிச்சா இன்னும் சீக்கிரம். நல்லவேளை, ஒடையறதுக்கு முன்னாடி வந்தீங்க." மருந்து தந்தார்கள். பீடி கூடாது, தினமும் வெயிலில் நடக்கணும், பாலும் கேழ்வரகும் கீரையும் சாப்பிடணும், எல்லாவற்றுக்கும் மேலாக விழவே கூடாது என்றார்கள். பாவா வாசலுக்கு வந்து பீடிக்கட்டைக் குப்பையில் போட்டார். தீப்பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டார். விளக்கேற்றவாம்.

முன் ஜாக்கிரதை என்ற ஒன்று உனக்குக் கிடைக்கவில்லை. அதனால் இப்போது கடைத்தெருவில் யார் குனிந்து போனாலும் நிறுத்திக் கேட்கிறேன், பழைய புடவை தரையில் இழுபடுதா, பழைய பேண்ட் நீளமாயிடுச்சா என்று. சிலர் சிரிக்கிறார்கள், சிலர் திட்டுகிறார்கள். கேட்பதை நிறுத்த மாட்டேன். உன் மேல் இருக்கிற கோபம் ஆறினால் நின்றுவிடுமோ என்று, ஆறாமல் பார்த்துக்கொள்கிறேன்.

பாவா விழக்கூடாது என்று வீட்டில் தடுக்குகிற சாமானையெல்லாம் ஒழித்துவிட்டேன். சாக்கு மிதியடி போனது. குளியலறையில் பிடித்துக்கொள்ள கம்பி வைத்தாகிவிட்டது. நேற்று அந்த வாசலில் வெளிச்சம் போதவில்லை என்று பல்ப் மாட்ட ஸ்டூலில் ஏறினேன். பாவா கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "ஸ்டூலு ஆடுதும்மா" என்றார். ஆடட்டும் என்றேன்.

பல்ப் எரிகிறது. ஸ்டூலுக்கு இப்போது ஒரு கால் இல்லை. பாவா நன்றாக இருக்கிறார். இந்த மடலை நான் உட்கார முடியாமல் நின்றுகொண்டு எழுதினேன்.